மூணாறு குளிரில் கோய் மீன்: ஹீட்டரா, பாலித்தீன் கூரையா, வீட்டுக்குள் தொட்டியா?

கோய் மீனின் குளிர்காலப் பராமரிப்பு என்று தேடினால் கிடைப்பதெல்லாம் குளமே உறைந்துபோகும் நாட்டுக்காரர்கள் சொல்வது. ஐஸை உடைக்காதே, வெந்நீர்ப் பாத்திரத்தை மேலே வைத்து மெதுவாக உருக்கி ஓட்டை போடு என்பார்கள். கோய் உருவான ஜப்பானின் நீகாட்டா பக்கத்தில், பனி கொட்டும் முன்பே மீன்களை மண்குளங்களிலிருந்து எடுத்துக் கொட்டகைக்குள் கொண்டுபோய்விடுவார்கள்.

நம்முடைய பிரச்சினை வேறு. செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட் பக்கமெல்லாம் ஜனவரி விடியற்காலையில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்த் தேயிலைக் கொழுந்து கருகும். அதே நாள் மதியம் 20 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும். குளம் உறைவதில்லை. ஆனால் இரண்டடி சிமென்ட் தொட்டி என்றால் தண்ணீர் தினமும் நாலைந்து டிகிரி ஏறி இறங்கும். கோய் கெண்டை இனம்; 4, 5 டிகிரித் தண்ணீரிலும் உயிரோடு கிடக்கும். அதை நோயில் தள்ளுவது இந்த ஏற்ற இறக்கம்தான். குளிரில் மீனின் எதிர்ப்பு சக்தி படுத்துவிடும். தண்ணீர் கொஞ்சம் சூடேறினால் ஏரோமோனாஸ் மாதிரி கிருமிகள் மீனுக்கு முந்தி விழித்துக்கொள்ளும். ஆகவே எந்த ஏற்பாட்டையும் ‘தண்ணீரைச் சூடாக்குமா’ என்று கேட்காமல், ‘ஒரே நிலையில் வைத்திருக்குமா’ என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் ஹீட்டர். கணக்கு எளிது: ஆயிரம் லிட்டர் தண்ணீரை 1 டிகிரி ஏற்ற ஏறக்குறைய 1.2 யூனிட் கரண்ட் வேண்டும். 5,000 லிட்டர் குளத்தை 12 டிகிரியிலிருந்து 16-க்குக் கொண்டுவர 23 யூனிட்டுக்கு மேல். அதுவும் ஒருதடவை ஏற்றுவதற்கு மட்டும். ராத்திரி முழுக்க வெளியே போகும் சூட்டுக்குத் தனிக் கணக்கு. கடையில் தரும் 300 வாட் அக்வேரியம் ஹீட்டர் இருபத்துநாலு மணி நேரம் ஓடினாலும் 7.2 யூனிட்தான். துளி சூடுகூட வீணாகவில்லை என்று வைத்துக்கொண்டாலும் அந்தக் குளத்தில் ஒன்றேகால் டிகிரி ஏறும், அவ்வளவுதான். பெரிய ஹீட்டராக வாங்கலாமே என்றால், நடுராத்திரியில் கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்? சூட்டுக்குப் பழகிய மீன் விடியும்போது குளிர்ந்த நீரில் நிற்கும். அது ஹீட்டரே இல்லாததைவிட மோசம்.

அடுத்தது, மீனைப் பிடித்து வீட்டுக்குள் தொட்டியில் விடுவது. நாலு அங்குலக் குஞ்சுகளுக்கு இது சரி. ஒன்றரை அடி மீனை 500 லிட்டர் டப்பில் போட்டால் குளிர் போய், மீன் கழிவிலிருந்து அமோனியா வந்து உட்காரும். புது ஃபில்டரில் அந்த அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா பிடிப்பதற்கே வாரக்கணக்கில் ஆகும். குளிரில் இன்னும் தாமதம். மீன் துள்ளி வெளியே விழும், வலை கட்டியாக வேண்டும். திரும்பக் குளத்தில் விடும்போது வெப்பநிலை ஒத்துப்போக மெதுவாகப் பழக்க வேண்டும். இத்தனை பாடு படுகிறவர்களை எனக்குப் புரியவில்லை.

என் ஓட்டு பாலித்தீன் கூரைக்கு. மேகமில்லாத, காற்றடிக்காத இரவில்தான் பனி விழும். அப்போது குளத்து நீர் நேராக வானத்துக்குச் சூட்டை இழக்கும், ஆவியாகியும் இழக்கும். ஷீட் இரண்டையும் குறைக்கிறது. வட்டவடை, காந்தல்லூர் பக்கம் பாலிஹவுஸுக்குப் போடும் 200 மைக்ரான் யுவி ஷீட் போதும். பைப்பை வளைத்து, தண்ணீருக்கு மேல் ஒன்றரை அடி இடைவெளி விட்டுப் போடுங்கள். விடியற்காலையில் போய்ப் பார்த்தால் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பனி பூத்திருக்கும். உள்பக்கம் நீர்த்துளி கோத்து நின்று, கை பட்டதும் பொலபொலவென்று குளத்திலேயே விழும். சாயங்காலம் வெயில் இறங்குமுன் மூடி, காலை ஒன்பது மணிவாக்கில் ஒரு பக்கம் தூக்கிவிடுங்கள். நாள் முழுக்க மூடியே வைத்தால் மதியம் உள்ளே புழுங்கி, எந்த ஏற்ற இறக்கத்தைத் தவிர்க்க நினைத்தோமோ அதையே வரவழைக்கும். நீலத் தார்ப்பாயை அப்படியே தண்ணீர்மேல் விரிப்பது வேண்டாம். நடுவில் தொய்ந்து மூழ்கும், காற்றும் போகாது. இன்னொரு லாபம்: குளிரில் மந்தமாகித் துடுப்பை ஒடுக்கிக் கிடக்கும் மீன் கொக்குக்கும் நீர்நாய்க்கும் சுலபமான இரை. கூரை இருந்தால் அந்தத் தொல்லையும் குறையும்.

புதிதாகக் குளம் வெட்டுகிறீர்கள் என்றால் கூரைக்கு முன்னால் ஆழம். நாலடிக்குக் குறையாமல் வெட்டுங்கள், பாதி வேலை முடிந்தது.

அருவியா, ஏர் பம்பா என்றும் கேட்பார்கள். பார்க்க அருவி அழகு. ராத்திரியில் அது குளிர்காற்றில் தண்ணீரை ஆற்றிக்கொண்டே இருக்கும். அதற்காக ஃபில்டர் மோட்டாரை நிறுத்திவிடாதீர்கள், பாக்டீரியா செத்துப்போகும். ராத்திரிக்கு மட்டும் திரும்பும் குழாயை நீர்மட்டத்துக்குக் கீழே விடுங்கள். ஏர் பம்பின் காற்றைக் குமிழியாக விடும் ஏர் ஸ்டோனைத் தரையிலிருந்து தூக்கிப் பாதி ஆழத்தில் தொங்கவிடுங்கள். அடித்தண்ணீர் கலங்காமல் இருக்கும்.

இரை விஷயத்தில் ஒப்பிடவே வேண்டியதில்லை, ஆனால் இங்கேதான் மீன் அதிகம் சாகிறது. தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே என்றால் எதுவும் போடக்கூடாது. 10-க்கும் 15-க்கும் நடுவில் கோதுமை முளை சேர்ந்த இரை, இரண்டு மூன்று நாளுக்கு ஒருதடவை, மதியத்தில், கொஞ்சமாக. புரதம் கூடிய வளர்ச்சி இரையைக் கோடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிக்கல் என்னவென்றால், மூணாறில் குளிரும் டூரிஸ்ட் சீசனும் ஒரே நேரத்தில் வரும். ஹோம்ஸ்டே முற்றத்துக் குளத்தில் ஜீரணிக்கவே முடியாத மாசத்தில்தான் மீனுக்குப் பிஸ்கட்டும் சப்பாத்தியும் விழும். “பாவங்க, பசியா இருக்கு” என்று ஒரு குழந்தை சொன்னால் யார் மறுப்பது? போர்டு வைப்பதைவிடக் கூரையின் முன்பக்கத்தை இறக்கிவிடுவது பலன் தரும்.

கல்லுப்பு ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிலோ போடலாம். ஃபில்டரில் அமோனியாவைப் பிடிக்கும் ஜியோலைட் கல் இருந்தால் போடாதீர்கள். பிடித்துவைத்த அமோனியாவை உப்பு வெளியே விட்டுவிடும்.

ஹீட்டர் வாங்கியே விட்டீர்களா? வீணில்லை. உடம்பு சரியில்லாத மீனைத் தனியாக வைக்கும் 200 லிட்டர் டப்புக்கு அதே 300 வாட் தாராளம். மூணாறைவிடத் தாழ்வான, சூடான மறையூர்க்காரர்களுக்கு இந்த ஏற்பாடெல்லாம் பெரும்பாலும் தேவைப்படாது. அந்தக் காசுக்கு ஏப்ரல் வெயிலைச் சமாளிக்க ஷேடு நெட் வாங்கலாம்.