மூட்டுவலிக் கையுறை: ராத்திரிக்குச் சரி, அடுப்படிக்கு ஆகாது

விரல் நுனி திறந்திருக்கிற, கையோடு இறுக்கமாக ஒட்டிக்கொள்கிற சாம்பல் நிறக் கையுறை, பருத்தியில் கொஞ்சம் ஸ்பான்டெக்ஸ் (இழுத்தால் நீளும் நூல்) கலந்தது. மெடிக்கல் கடையில் ஜோடி 450 ரூபாய்க்கு வாங்கினேன். எனக்கு இருப்பது மூட்டுத் தேய்மானம். ஆள்காட்டி விரலின் நுனி மூட்டு புடைத்துக்கொண்டு நிற்கும், காலையில் மடக்கினால் பாதியிலேயே நின்றுவிடும், இருபது நிமிடம் போனால் தானே இளகும்.

ராத்திரி போட்டுக்கொண்டு படுத்தால் அந்த இருபது நிமிடம் நன்றாகவே குறைகிறது. எழுந்ததும் பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரிக்க முடிகிறது, புடவைக்குப் பின் குத்த மகளைக் கூப்பிட வேண்டியதில்லை. இவ்வளவுதான் பலன், ஆனால் எனக்கு இது பெரிய விஷயம்.

அட்டையில் போட்டிருக்கிற 'அழுத்தம் ரத்த ஓட்டத்தைக் கூட்டும், வீக்கத்தை வற்றவைக்கும்' கதையை நான் அவ்வளவாக நம்பவில்லை. பிரிட்டனில் முடக்குவாத வகை (தேய்மானம் இல்லை, அழற்சியால் மூட்டு வீங்குகிற வேறு நோய்) நோயாளிகள் 206 பேரை வைத்து, பாதிப் பேருக்கு இறுக்கமான கையுறையும் மீதிப் பேருக்குத் தொளதொளவென்று ஒன்றும் கொடுத்துப் பார்த்தார்கள். 2021-ல் வந்த முடிவு, 12 வாரம் கழித்து இரண்டுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை என்பதுதான். தேய்மானக்காரர்களுக்கு அது அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் எனக்கென்னவோ வேலை செய்வது கதகதப்புதான் என்று தோன்றுகிறது, ஏனென்றால் ஏசி போட்டுப் படுக்கிற நாளில்தான் பலன் நன்றாகத் தெரிகிறது, மே மாதத்தில் கரண்ட் போன ராத்திரியில் கழற்றி எறியத்தான் கை போகும். வெந்நீரில் கையை முக்கி வைத்தாலும் இதே இளக்கம் கிடைக்கும், ஆனால் வெந்நீரோடு தூங்க முடியாதே.

செம்பு இழை கலந்தது என்று கூட விலைக்கு ஒன்று விற்கிறார்கள். செம்புக் காப்பை முடக்குவாதக்காரர்களிடம் சோதித்து 2013-ல் யார்க் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வில் உருப்படியான பலன் எதுவும் தெரியவில்லை. அந்தக் காசுக்கு இன்னொரு சாதா ஜோடி வாங்கிக்கொள்ளலாம்.

பகலில்? போன் பார்க்க, பேப்பர் புரட்ட, பூ கட்டக்கூட இடைஞ்சல் இல்லை. சமையலறைக்குள் போனால் தீர்ந்தது. பாத்திரம் தேய்ப்பது, மாவு பிசைவது, அரிசி களைவது எல்லாமே ஈரக் கை வேலை, நனைந்த கையுறை சில்லென்று ஒட்டிக்கொண்டு வலியைக் கூட்டுகிறது. கட்டைவிரல் அடி மூட்டில் வலி இருப்பவர்களும் இதை நம்பி வாங்க வேண்டாம், பாட்டில் மூடி திருகும்போது அந்த மூட்டைத் தாங்கிப் பிடிக்க இந்தத் துணிக்குத் தெம்பு கிடையாது. அதற்கென்று கட்டைவிரல் ஸ்ப்ளின்ட், அதாவது மூட்டை அசையாமல் தாங்கும் பட்டை, தனியாக இருக்கிறது, பிசியோதெரபிஸ்டிடம் கேட்டு வாங்கலாம்.

சைஸ் விஷயத்தில் கடைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையைச் சுற்றி, விரல் தொடங்கும் முட்டி மேல் டேப் வைத்து அளந்து, இரண்டு சைஸுக்கு நடுவில் வந்தால் பெரியதை எடுங்கள். விரல் மரத்துப்போனாலோ நிறம் மாறினாலோ உடனே கழற்ற வேண்டும். மணிக்கட்டு நரம்பு அழுந்தும் தொல்லை இருந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு இதைப் போட்டு மதமதப்பு அதிகமாகித்தான் போனது. அப்புறம் உள்பக்கத் தையல், புடைத்த மூட்டிலேயே சரியாக வந்து உரசும். நான் உள்வெளியாகத் திருப்பித்தான் போடுகிறேன், படுக்கையில் யார் பார்க்கப் போகிறார்கள்.

காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, மூட்டுகள் வீங்கிச் சூடாகவும் இருந்தால் கையுறை வாங்கப் போகாமல் மூட்டுவாத டாக்டரைப் பாருங்கள். முடக்குவாதமாக இருந்தால் மருந்தைச் சீக்கிரம் தொடங்க வேண்டும், தாமதித்தால் மூட்டு அரித்துப் போகும்.

துவைக்கும்போது முறுக்கிப் பிழியாதீர்கள், வாஷிங் மெஷினும் வேண்டாம், நிழலில் காயட்டும். என்னுடையது இப்போதே மணிக்கட்டுப் பக்கம் தளர்ந்துவிட்டது, ஆனால் தளர்ந்த பிறகும் அதே சுகம்தான் இருக்கிறது என்பதால் இன்னும் மாற்றவில்லை.