ஃபெம்டோ லேசர் என்று சொல்லி என் 38,400 ரேண்டை வாங்கிவிட்டார்கள்

உலோகத் தட்டுகளில் லேசரால் துளை போட்டுத் தருவதாகச் சொன்ன ஆன்லைன் தளத்திடமிருந்து இன்று மதியம் கடைசிப் பதில் வந்தது. பணம் திரும்ப வராது, வேலையையும் மறுபடி செய்து தரமாட்டார்களாம். 38,400 ரேண்ட்! கோபம் இன்னும் அடங்கவில்லை, ஆனாலும் இன்றே எழுதிவிடுகிறேன். இங்கே தென்னாப்பிரிக்காவில் டர்பன், பைன்டவுன் பக்கம் சின்னப் பட்டறை வைத்திருக்கும் நம் ஆட்கள் யாரும் அடுத்ததாக மாட்டிக்கொள்ளக் கூடாது.

பசுமைக்குடில்களில் பனிபோல் தண்ணீர் தெளிக்கும் நாசில்கள் செய்கிறேன். நாசிலுக்கு உயிரே உள்ளே இருக்கும் சின்னத் தட்டுதான். அரை மில்லிமீட்டர் கனத்தில் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், நடுவில் 0.15 மில்லிமீட்டர் துளை. டிரில் பிட் போட்டால் 316 குடையக் குடைய இறுகும், பிட் ஒடிந்துவிடும். அதனால் லேசர் வேலைக்கு வெளியே கொடுத்தேன். வரைபடத்தை ஏற்றினால் விலை சொல்லி, எங்கோ ஒரு பட்டறையில் செய்வித்து அனுப்புகிற ஆன்லைன் தளம் அது.

இந்த லேசர்கள் ஒளியைக் குட்டிக் குட்டித் துடிப்புகளாக, அதாவது பல்ஸாக, அடிக்கும். ஒரு பல்ஸ் நானோ செகண்ட் (நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) அளவில் நீளும் லேசர் என்றால் தட்டுக்கு 95 ரேண்ட், அதைவிடப் பத்து லட்சம் மடங்கு சின்ன அளவான ஃபெம்டோ செகண்ட் என்றால் 320. தெரிந்தேதான் 320க்குச் சம்மதித்தேன். லேசரின் சூட்டை முதலில் வாங்குவது உலோகத்தின் எலெக்ட்ரான்கள். அங்கிருந்து சூடு உலோகத்துக்குள் இறங்கச் சில பிகோ செகண்ட் (நானோவில் ஆயிரத்தில் ஒரு பங்கு) போதும். நானோ செகண்ட் பல்ஸ் அதைவிட ஆயிரம் மடங்கு நீளம் என்பதால் உலோகம் உருகும். உருகியதில் கொஞ்சம் வெளியே தெறித்து விளிம்பில் ஒட்டும், கொஞ்சம் துளைச் சுவரிலேயே படிந்து இறுகும். அந்தப் படிவைத்தான் ரீகாஸ்ட் என்கிறார்கள். ஃபெம்டோவில் சூடு பரவும் முன்பே பல்ஸ் முடிந்துவிடும், அதனால் சுவர் சுத்தமாக நிற்கும் (பல்ஸ்களை ரொம்ப நெருக்கமாக அடித்தால் அதிலும் சூடு சேரும்). இவ்வளவு குறுகிய பல்ஸுக்குப் பலம் ஏற்றும் வழியை 1985இல் கண்டுபிடித்ததற்காகத்தான் ஜெரார் மூரூவுக்கும் டோனா ஸ்டிரிக்லாண்டுக்கும் 2018இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அப்படிப்பட்ட மெஷினுக்கு 320 நியாயம் என்றே நினைத்தேன்.

ஆனாலும் ஒரு வாரம் தயங்கினேன். அப்புறம் அவர்களுடைய ஆள் போன் செய்தார். எடுத்தவுடன் "வணக்கம் அண்ணா" என்றார். பேச்சு மற்றபடி முழுக்க ஆங்கிலம்தான். ஆனால் இந்த ஊரில் நாலைந்து தலைமுறை தாண்டிய ஒரு பையன் வாயிலிருந்து அந்த இரண்டு வார்த்தை வந்தால் மனசு இளகிவிடுகிறதே! அவர் குடும்பமும் வட ஆற்காட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்ததாம். ஃபெம்டோவில் போட்ட துளை என்று மைக்ராஸ்கோப் படம் ஒன்று அனுப்பினார். காம்பஸ் வைத்துப் போட்ட வட்டம் மாதிரி இருந்தது. அன்று சாயங்காலமே 120 தட்டுக்கு 38,400 ரேண்ட் முழுவதையும் வங்கிக் கணக்கிலிருந்து நேரே ஈஎஃப்டியில் அனுப்பிவிட்டேன். மாதிரிக்கு ஒரு தட்டுகூடக் கேட்கவில்லை.

பெட்டி வந்தது. முதல் தட்டைக் கையில் எடுத்ததுமே வயிறு கலங்கியது. துளையைச் சுற்றிப் பழுப்பும் நீலமுமாகச் சூட்டு வளையம், விரலில் தட்டும் பிசிறு. மைக்ராஸ்கோப்பில் அளந்தால் நுழையும் பக்கம் 0.21, வெளியேறும் பக்கம் 0.12. துளை கூம்பாகப் போயிருக்கிறது. லேசரை வட்டமாகச் சுற்றவிட்டு வெட்டவில்லை, ஒரே இடத்தில் அடித்து அடித்தே குடைந்திருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஒரு தட்டை நடுவில் தேய்த்துப் பிளந்து பார்த்தேன். சுவர் நெடுக உருகி இறுகிய படிவு. தண்ணீர் விட்டால் பனியாக விரியாமல் பக்கவாட்டில் பீய்ச்சுகிறது. இது நானோ செகண்ட் வேலை. 95 ரேண்ட் வேலையை 320க்கு என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

நானோ செகண்டைக் குறை சொல்லவில்லை. எண் பொறிக்க, மெல்லிய தகடு வெட்ட நானே அதைத்தான் தேடுவேன். செய்தது நானோ என்றால் நானோ என்று சொல்லியிருக்க வேண்டும்.

போன் செய்தேன். வணக்கமும் இல்லை, அண்ணாவும் இல்லை. புகார் எண் வாங்குங்கள் என்றார். வாங்கினேன். நான்கு நாள் கழித்து இன்னொருவர், வரைபடத்தில் வெளிப்பக்க அளவு இல்லை என்று எழுதினார். இருபக்கமும் 0.15, கூட்டியோ குறைத்தோ 0.01 என்று தெளிவாகப் போட்டிருந்தேன்! அதை வட்டமிட்டு அனுப்பியதும் பேச்சு மாறியது. எந்த மெஷினில் செய்தது என்பது பட்டறையின் ரகசியமாம். அப்புறம், சொல்லிச் செய்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்றார்கள். வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றால் அங்கே 2019இல் வைத்த வரம்பு 20,000 ரேண்ட். மீதி 18,400ஐ நானே விட்டுக்கொடுக்க வேண்டும்.

என்னென்ன கேட்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. முழுப் பணம் முன்னால் கொடுக்காதீர்கள். லேசர் வகை, பல்ஸ் நீளம், துளை போடும் முறை மூன்றையும் இன்வாய்ஸிலேயே எழுதி வாங்குங்கள். உங்கள் உலோகத்தில், உங்கள் கனத்தில் ஒரு தட்டு போட்டுத் தரச் சொல்லி, இருபக்கமும் அளந்து, பிளந்தும் பாருங்கள். படத்தை நம்பவே நம்பாதீர்கள்.

நாளைக் காலை பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகிறேன். நாசிலுக்காக நாற்றுகளோடு காத்திருக்கும் பண்ணைக்காரரிடம் இன்னும் ஒரு மாதம் அவகாசம் கேட்க வேண்டும்.