மூன்று வருடம், ஒரு வெள்ளை வயர்: பிக்கப்பின் டிரெய்லர் லைட் சோதனையும் திருட்டு அலாரமும்

போன வாரம்தான் டிரெய்லரின் எர்த் வயரைச் சரிசெய்து முடித்தேன். கையில் ஒட்டிய கிரீஸ் போவதற்குள் நண்பர் ஒருவரிடமிருந்து போன். புது பிக்கப் எடுக்கப் போகிறார். டிரெய்லர் லைட் சோதனையும் திருட்டு அலாரமும் அதில் தனிக் காசு கொடுத்து எடுக்கும் டிரெய்லர் பேக்கேஜில்தான் வருகின்றன. "டிரெய்லர் பேக்கேஜையும் சேர்த்து எடுக்கலாமா? நீங்கள் மூன்று வருடமாக வைத்திருக்கிறீர்களே" என்று கேட்டார். வாய் வரை வந்த பதிலை அப்படியே சொல்லியிருந்தால் நியாயமாக இருந்திருக்காது. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

வண்டியின் குதிரைத்திறன், இழுவைத் திறன் எல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன். டிரெய்லரின் விளக்குகளையும் பிரேக்கையும் வண்டியோடு இணைப்பது வட அமெரிக்காவில் புழங்கும் 7 பின் பிளக். இரண்டு அச்சு, நான்கு சக்கரத்திலும் மின்சார பிரேக் உள்ள மூடிய பெட்டி டிரெய்லர். பெட்டிக்குள் இருப்பவை என் பிழைப்புக்கான கருவிகள். ஒரு ராத்திரியில் அது காணாமல் போனால் மறுநாள் எனக்கு வேலை இல்லை. இந்த அலாரத்தை நான் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன்.

முதலில் லைட் சோதனை. இதைப் பற்றி மனசாரப் பாராட்டியே ஆக வேண்டும். முன்பெல்லாம் டிரெய்லரை மாட்டியதும் யாரையாவது கூப்பிட்டு பிரேக்கை மிதிக்கச் சொல்ல வேண்டும். ஆள் இல்லாத நாளில் சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஓடுவேன். இருட்டாக இருந்தால் சுவரில் விழும் சிவப்பு வெளிச்சத்தைக் கண்ணாடியில் பார்த்துக் கணக்குப் போடுவேன். இப்போது திரையில் ஒரு தடவை தொட்டுவிட்டு இறங்கினால் போதும். டெயில் லைட், பிரேக் லைட், இடது, வலது, ரிவர்ஸ் என்று ஒவ்வொன்றாகத் தானே எரிந்து காட்டுகிறது. நான் ஒரு சுற்று நடந்து வருகிறேன், டயரையும் சங்கிலியையும் அப்படியே பார்த்துக்கொள்கிறேன். மூன்று வருடத்தில் ஒரு பயணம்கூட இதைச் செய்யாமல் கிளம்பியதில்லை.

அப்புறம் அலாரம்.

வண்டியைப் பூட்டிய பிறகு டிரெய்லர் பிளக்கை யாராவது பிடுங்கினால் ஹார்ன் அலறும், விளக்குகள் மின்னும், போனுக்குத் தகவல் வரும். கேட்க எவ்வளவு ஆறுதலாக இருக்கிறது! முதல் தடவை அது அலறியது காற்றும் தூறலுமாக இருந்த ஒரு நடு இரவில். போன் திரையில் 'டிரெய்லர் துண்டிக்கப்பட்டது' என்ற ஒற்றை வரி. செருப்புகூடப் போடாமல் டார்ச்சோடு ஓடினேன். பிளக் இறுக்கமாக இருந்தது. டிரெய்லரை வண்டியோடு கோர்க்கும் கப்ளரில் பூட்டு போட்டபடியே இருந்தது. சுற்றிலும் ஒரு ஈ, காக்கை இல்லை.

இப்படிப் பத்துப் பன்னிரண்டு தடவை. பெரும்பாலும் காற்றடிக்கும் இரவுகளில்தான். முதலில் ஒர்க்‌ஷாப்பில் வண்டிப் பக்கத்து சாக்கெட்டை மாற்றினார்கள். அடுத்த முறை கண்ட்ரோல் மாட்யூலையே மாற்றிவிட்டு, கோளாறு டிரெய்லரில்தான் என்றார்கள். டிரெய்லர் விற்றவர், எல்லா விளக்கும் எரிகிறதே, அப்புறம் வயரிங்கில் என்ன கோளாறு இருக்க முடியும் என்றார். இரண்டு பக்கமும் கை விரித்துவிட்டதால் கடைசியில் அலாரத்தையே அணைத்து வைத்தேன். எதற்காகக் காசு கொடுத்தேனோ அது இல்லாமலே தூங்கினேன். தூக்கமும் சரியாக வரவில்லை.

உண்மையைக் காட்டிக்கொடுத்தது லைட் சோதனைதான். ஒரு சாயங்காலம் இடது இண்டிகேட்டர் மின்னும் முறை வந்தபோது, எரியவே கூடாத வலது விளக்கும் அதே தாளத்தில் மங்கலாகத் துடித்தது. திரும்ப ஓட்டிப் பார்த்தேன். மறுபடியும் அதே துடிப்பு. கரண்ட் திரும்பிப் போக நேர்வழி கிடைக்காமல் அடுத்த பல்பு வழியாகப் புகுந்து போனால்தான் இப்படி ஆகும். அதாவது எர்த் சரியில்லை. 7 பின்னில் எந்த விளக்குக்குப் போகிற கரண்டும் அந்த ஒரே வெள்ளை வயர் வழியாகத்தான் திரும்ப வேண்டும். நீல வயரில் போகிற பிரேக் கரண்டுக்கும் அதே வழிதான்.

எல்லா விளக்கையும் எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை வண்டியின் எர்த்திலும் மறு முனையை டிரெய்லர் சட்டத்திலும் வைத்தேன். 1.9 வோல்ட். இது பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய இடம். டிரெய்லரின் மூக்கில் வெள்ளை வயரை முடுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றினேன். பெயின்ட் மேலேயே வைத்து முடுக்கியிருக்கிறார்கள். அடியில் செதில் செதிலாகத் துரு. வயரின் செம்பு இழைகளில் பச்சையாகக் களிம்பு ஏறி, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. எர்த் இவ்வளவு நாளும் டவ் பால் வழியாகத்தான், அதாவது கப்ளர் உட்காரும் இரும்பு உருண்டை வழியாகத்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது. பாலில் கிரீஸ் தடவியிருக்கிறேன். காற்றில் டிரெய்லர் லேசாக ஆடினால் போதும், தொடர்பு விட்டு விட்டு வரும். நடு ராத்திரி ஹார்னுக்குக் காரணம் அதுதான்.

செம்பு பளிச்சென்று தெரியும்வரை வயரை வெட்டினேன். புது டெர்மினல் அழுத்தி, சட்டத்தை உப்புத்தாளால் தேய்த்து வெறும் இரும்பில் முடுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். மீட்டர் 0.1 காட்டியது. மறுநாள் ஓட்டிப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. டிரெய்லர் பிரேக் சட்டென்று இறுகிப் பிடித்தது. டிரெய்லர் பிரேக் எவ்வளவு பலமாகப் பிடிக்க வேண்டும் என்று வண்டியில் வைக்கும் அளவுதான் கெயின். 7.5-இல் வைத்திருந்த அதை 5.5-க்கு இறக்க வேண்டியிருந்தது. பிரேக் காந்தம் ஒன்றுக்குச் சுமார் 3 ஆம்பியர், நான்குக்கு 12. அவ்வளவும் அந்தத் துருப்பிடித்த போல்ட் வழியாகத் திரும்ப முடியாமல் திணறியிருக்கிறது. பிரேக் தேய்கிறது போல என்று நினைத்து நான் கெயினைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறேன்.

என் கோபம் இங்கேதான். விளக்கு லைன்களில் கரண்ட் ஓடுகிறதா என்று பார்த்துத்தான் டிரெய்லர் இருக்கிறதா இல்லையா என்று இந்த வண்டி முடிவு செய்கிறது. தொடர்பு அரை நொடி விட்டு மறுபடி வந்தது அதற்குத் தெரியும். பிளக்கைப் பிடுங்கும் திருடன் அரை நொடியில் திரும்ப மாட்டிவிட்டா போகிறான்? 'இணைப்பு தளர்ந்திருக்கிறது, எர்த்தைப் பாருங்கள்' என்று ஒரு வரி சொல்லியிருந்தால் முதல் வருடமே பார்த்திருப்பேன். பிரேக் பாதியாகப் பிடிக்கிற டிரெய்லரை அத்தனை நாள் சாலையில் இழுத்துக்கொண்டு போயிருக்க மாட்டேன்.

தப்பு முழுக்க வண்டியின் மேல் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பெயின்ட் மேல் போல்ட் முடுக்கியது வண்டி செய்த தவறு இல்லை. அது ஏதோ கோளாறு என்று கத்திக்கொண்டுதான் இருந்தது. என்ன கோளாறு என்று சொல்லத்தான் அதற்குத் தெரியவில்லை.

எல்இடிக்கு மாற நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய பிரேக் பல்பு ஒன்று சுமார் 2 ஆம்பியர் இழுக்கும், எல்இடி அதில் ஒரு சிறு பங்குதான். நடுவில் ஒரு தடவை எல்இடி மாட்டிப் பார்த்தேன். டிரெய்லர் இருப்பதையே வண்டி சில சமயம் மறந்துவிட்டது. பூட்டிய பிறகு, வண்டி அனுப்பும் சோதனைத் துடிப்புக்கு விளக்குகள் மினுக் மினுக் என்றன. பழைய பல்பு அளவுக்குக் கரண்ட் இழுக்க ஒரு ரெசிஸ்டர் சேர்த்தால் சரியாகும் என்றார்கள். அது கொதிக்கிற கொதிக்கு மரப்பலகை பக்கத்தில் வைக்க மனம் வரவில்லை, பழைய பல்புக்கே திரும்பிவிட்டேன்.

இன்னொன்று. டிரெய்லரைக் கழற்றித் தனியாக நிறுத்திவிட்டால் இந்த அலாரம் இருந்தும் இல்லாத மாதிரிதான். மாட்டியிருக்கும்போதே பின்கதவை உடைத்துக் கருவிகளை எடுத்தாலும் என் வண்டிக்குத் தெரியாது. கப்ளர் பூட்டும் சக்கரப் பூட்டும் இன்றும் நான் கையால் போடுவதுதான்.

நண்பருக்கு என் பதில்: பேக்கேஜ் வேண்டாம். லைட் சோதனை அதில்தான் வருகிறது என்று தெரிந்தும்தான் சொல்கிறேன். அந்தக் காசில் நல்ல பூட்டுகளும் ஒரு மல்டிமீட்டரும் வாங்கிக்கொள்ளுங்கள். மாட்டும்போதெல்லாம் பிரேக்கை மிதிக்க ஒரு ஆளைக் கூப்பிடுங்கள்.

இன்று இரவு காற்று பலமாக இருக்கிறது. வெகு நாளைக்குப் பிறகு அலாரத்தை ஆன் செய்துவிட்டு வந்திருக்கிறேன்.