கையும் மோட்டாரும்: தானியங்கி நுண்ணோக்கிகளில் எது யாருக்கு?

நுண்ணோக்கி விற்க வருபவர்கள் இன்று ‘தானியங்கி’ என்ற சொல்லை மிகத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். ஸ்லைடு வைக்கும் மேடையைச் சிறு மோட்டார் நகர்த்தினாலும் அது தானியங்கிதான். எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று மென்பொருள் தேர்ந்தெடுத்தாலும் அதே பெயர். பார்த்தது இன்னது என்று வகைப்படுத்திச் சொன்னாலும் அதே பெயர். நகர்த்துவது, தேர்ந்தெடுப்பது, முடிவு சொல்வது என்ற இந்த மூன்று வேலைகளில் எதைக் கருவி எடுத்துக்கொள்கிறது, எதை மனிதரிடமே விட்டுவைக்கிறது என்று முதலில் கேட்டுக்கொண்டால், விலைப்பட்டியலில் அருகருகே நிற்கும் கருவிகள் உண்மையில் எவ்வளவு வேறானவை என்பது விளங்கும். ஆய்வகங்களிலும் தொழிற்சாலைகளிலும் இவற்றின் பயன்பாடு பெருகிவரும் வேளையில், கையால் இயக்கும் பழைய நுண்ணோக்கியோடு இவற்றை அந்தக் கேள்வியைக் கொண்டே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

ரத்தப் பூச்சு

ரத்த அணுக்களை எண்ணும் கருவி எச்சரிக்கைக் குறி காட்டும்போது, ஆய்வக நுட்பநர் ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்துப் பூசி, லீஷ்மன் சாயமிட்டு, 100 மடங்கு எண்ணெய் லென்சின் கீழ் வைத்து 100 வெள்ளையணுக்களை வகைபிரித்து எண்ணுகிறார். இந்த முறையின் பெரிய பலவீனம் கண்ணில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. 100 அணுக்களில் ஒரு வகை 5 கிடைத்தால், அதன் உண்மையான அளவு ஏறத்தாழ 2 விழுக்காட்டிலிருந்து 11 விழுக்காடு வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்பது 95 விழுக்காடு நம்பகத்துக்கான எளிய நிகழ்தகவுக் கணக்கு. 500 அணுக்களை எண்ணினால் அந்த இடைவெளி 3-க்கும் 7-க்கும் நடுவே சுருங்கிவிடும். ஆனால் நாளொன்றுக்கு நூறு ஸ்லைடு வரும் இடத்தில் எந்த நுட்பநரும் ஒவ்வொன்றிலும் 500 எண்ண மாட்டார். எண்ணச் சொல்வதும் நியாயமில்லை.

சுவீடனின் லுண்ட் நகரைச் சேர்ந்த செல்லாவிஷன் நிறுவனத்தின் கருவிகள் இந்த இடத்தில்தான் நுழைந்தன. அவை பூச்சில் அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரவியிருக்கும் பகுதியைக் கண்டுபிடித்து, வெள்ளையணுக்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்து, நியூட்ரோஃபில்கள் ஒரு வரிசை, லிம்ஃபோசைட்டுகள் ஒரு வரிசை என்று திரையில் அடுக்கிவைக்கும். நுட்பநர் அந்த அடுக்கைப் பார்த்து, தவறான வரிசையில் விழுந்த அணுக்களை இடம்மாற்றி ஒப்புதல் தருகிறார். அதாவது நகர்த்துவதும் தேர்ந்தெடுப்பதும் முழுக்கக் கருவியுடையது. முடிவு பாதி கருவியுடையது, பாதி மனிதருடையது. பெங்களூரின் சிக்டப்பிள் நிறுவனம் உருவாக்கிய ஏஐ100 கருவியும் இதே வழியில் செல்கிறது. இஸ்ரேலின் ஸ்கோப்பியோ லேப்ஸ் சற்று விலகி, தனித்தனி அணுக்களின் படங்களோடு நிற்காமல் பூச்சின் பெரிய பரப்பு முழுவதையும் உயர் தெளிவில் படமாக்கித் தருகிறது.

இந்த விலகல் வெறும் வசதி சார்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது. பூச்சை இழுக்கும்போது பெரிய அணுக்களும், திரண்ட தட்டணுக்களும், யானைக்கால் நோயின் நுண்புழுக்களும் பூச்சின் மெல்லிய ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிடும். அனுபவமுள்ள நுட்பநர் எண்ணத் தொடங்குமுன் குறைந்த உருப்பெருக்கத்தில் அந்த ஓரத்தை ஒரு முறை வலம்வருவது இதற்காகத்தான். ஒற்றை அணுக்களை மட்டும் வெட்டியெடுத்துக் காட்டும் கருவி அந்த ஓரத்துக்குப் போகாவிட்டால், தட்டணுக்கள் திரண்டதால் எண்ணிக்கை பொய்யாகக் குறைந்திருப்பதைத் திரையில் பார்ப்பவர் அறிய வழியில்லை. திரை காட்டுவது எல்லாம் சரியாகவே இருக்கும். காட்டாமல் விட்டதில் பிழை இருக்கும். ஆகவே இந்த வகைக் கருவி வாங்குவோர் விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அணுக்களை எத்தனை விழுக்காடு சரியாக வகைபிரிக்கிறது என்பதாக இருக்கக் கூடாது, பூச்சின் எந்தப் பகுதியை அது பார்ப்பதே இல்லை என்பதாக இருக்க வேண்டும்.

ஸ்லைடுகளின் எண்ணிக்கை குறைவாக உள்ள ஆய்வகத்துக்கு என் பரிந்துரை பழைய நுண்ணோக்கிதான், மேலே ஒரு கேமரா பொருத்தி. ஒரு நேரத்தில் ஒரே ஸ்லைடு ஏற்கும் சிறிய செல்லாவிஷன் டிசி-1 போன்றவை, மூத்த மருத்துவர் வேறு ஊரில் இருக்கும் கிளை ஆய்வகத்துக்குப் பொருந்தும், ஏனெனில் அங்கே வாங்கப்படுவது வேகத்தை விட, தொலைவிலிருந்து பார்க்கும் வசதி. நூற்றுக்கணக்கில் ஸ்லைடு வரும் மைய ஆய்வகத்தில் மட்டுமே பெரிய கருவி தன் இடத்துக்கு வாடகை கொடுக்கும்.

திசு ஸ்லைடு

திசுவில் நிலைமை வேறு. இங்கே ஸ்கேனர் முடிவு எதுவும் சொல்வதில்லை. ஸ்லைடு முழுவதையும் படமாக்கித் தருவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. 2017 ஏப்ரலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஃபிலிப்ஸ் நிறுவனத்தின் இன்டெலிசைட் அமைப்புக்கு முதன்மை நோயறிதலுக்கான அனுமதி வழங்கியது. இவ்வகையில் அந்நாட்டில் அதுவே முதல் அனுமதி. கண்ணாடி ஸ்லைடை நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்ன முடிவையும் திரையில் பார்த்துச் சொன்ன முடிவையும் சுமார் 2,000 நோயாளர்களின் மாதிரிகளில் ஒப்பிட்ட பிறகே அது கிடைத்தது. திரையில் பார்த்துக் கண்டறிய முடியுமா என்ற கேள்வி அத்தோடு பெருமளவு தீர்ந்துவிட்டது என்றே சொல்லலாம். தீராமல் இருப்பது செலவும் வேலைச்சுமையும்.

ஒரு சிறு கணக்கு: 15 மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுரத் திசுவை, ஒரு படப்புள்ளிக்குக் கால் மைக்ரோமீட்டர் என்ற வழக்கமான தெளிவில் படமெடுத்தால், ஒரு பக்கத்துக்கு 60,000 புள்ளிகள், மொத்தம் 360 கோடிப் புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட் என்றால் சுருக்காத நிலையில் ஏறக்குறைய 11 ஜிகாபைட். சுருக்கிய பிறகும் அரை ஜிகாபைட்டிலிருந்து ஒரு ஜிகாபைட் வரை நிற்கும். நாளொன்றுக்கு 200 ஸ்லைடு என்றால் ஆண்டு முடிவில் எவ்வளவு சேமிப்பிடம் வேண்டும் என்பதை ஆய்வகத்தின் கணக்கரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. ஸ்கேனரின் விலையை விட அதைக் கேட்டுத்தான் அவர் அதிகம் திடுக்கிடுவார்.

எக்ஸ்ரே துறை டிஜிட்டலுக்கு மாறியபோது ஃபிலிமும் அதைக் கழுவும் இருட்டறையும் ஒழிந்தன. ஒரு படி குறைந்தது. திசுவைப் பார்த்து நோயறியும் துறையான நோய்க்குறியியலில் அப்படி எதுவும் குறைவதில்லை. திசுவை மெழுகில் பதித்து, 3 முதல் 5 மைக்ரோமீட்டர் தடிமனில் சீவி, சாயமிட்டு, மூடுகண்ணாடி ஒட்டி, ஸ்லைடு செய்தே ஆக வேண்டும். அதன் பிறகு ஸ்கேன் என்ற புதிய படி ஒன்று கூடுகிறது. மூடுகண்ணாடியின் ஓரத்தில் பசை வழிந்திருந்தாலும், பெயர்ச்சீட்டு மடங்கியிருந்தாலும், கையால் பார்ப்பவர் விரலால் துடைத்துவிட்டுப் பார்ப்பார். ஸ்கேனர் அடைத்துக்கொண்டு நிற்கும். காற்றுக்குமிழியைத் திசு என்று நினைத்து அதன்மேல் குவியம் வைத்து, பக்கத்தில் உள்ள உண்மைத் திசுவை மங்கலாக எடுப்பதும் உண்டு. ஸ்கேனர் வந்த பிறகு சாயமிடும் மேசையின் ஒழுங்கு கூடுகிறது என்பது உண்மைதான், ஆனால் அந்த ஒழுங்கு இல்லாமல் ஸ்கேனரை வாங்குவது வீண்.

ஆழம் இன்னொரு வேறுபாடு. 40 மடங்கு லென்சில் தெளிவாகத் தெரியும் ஆழம் ஒரு மைக்ரோமீட்டர் அளவே. கையால் பார்ப்பவரின் விரல்கள் நுண்குவியத் திருகிலிருந்து விலகுவதே இல்லை. அவர் அறியாமலேயே மேலும் கீழும் துழாவிக்கொண்டிருப்பார். ஸ்கேனர் வழக்கமாக ஒரே தளத்தைத்தான் எடுக்கும். மெல்லிய திசுச் சீவலுக்கு அது போதும். ஊசியால் உறிஞ்சியெடுத்த, கொத்துக்கொத்தாகக் கிடக்கும் அணு மாதிரிகளுக்குப் போதாது. ஐந்து தளங்களில் எடுத்தால் நேரமும் கோப்பின் அளவும் ஐந்து மடங்காகும். இந்த மாதிரிகளுக்கு இன்றைக்கும் கண்ணாடியும் திருகும்தான் மேல்.

ஆகவே திசுவில் என் தீர்ப்பு இடத்தைப் பொறுத்தது. இரண்டாம் கருத்துக்காக ஸ்லைடுகளைத் தூதஞ்சலில் அனுப்பிக்கொண்டிருக்கும் மருத்துவமனைக்கு ஸ்கேனர் நாட்களை மிச்சப்படுத்தும். ஒரே கட்டடத்தில் இரண்டு மருத்துவர்களும் ஒரு நுண்ணோக்கி மேசையும் உள்ள இடத்தில் அது அலங்காரம். வாங்குபவர்களும் பெட்டியைப் பிரித்தவுடன் அறிக்கை எழுதத் தொடங்கிவிட முடியாது. அமெரிக்க நோய்க்குறியியலாளர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பின் வழிகாட்டுதல்படி, ஒரு பயன்பாட்டுக்குக் குறைந்தது 60 நோயாளர் மாதிரிகளை அதே மருத்துவர் கண்ணாடியிலும் திரையிலுமாக, நடுவே இரண்டு வாரமாவது இடைவெளி விட்டு, பார்த்து ஒப்பிட வேண்டும்.

தேர்ந்தெடுப்பதை விட்டுக்கொடுத்த கதை

கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்புக்காக அங்கிருந்து எடுத்த அணுக்களை நுண்ணோக்கியில் பார்க்கும் பாப் பரிசோதனையில் தானியக்கம் மற்றவற்றை விட முன்பே வந்துவிட்டது. 2003-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற தின்ப்ரெப் படமாக்கல் அமைப்பு, ஒவ்வொரு ஸ்லைடிலும் சந்தேகத்துக்குரிய 22 புலங்களை, அதாவது லென்சின் கீழ் ஒரு நேரத்தில் தெரியும் பகுதிகளை, தேர்ந்தெடுத்து நுட்பநரை நேராக அங்கே கொண்டுசெல்லும். அவற்றில் ஒன்றும் தவறாகத் தெரியாவிட்டால் ஸ்லைடை முடித்துவிடலாம். ஏதேனும் தெரிந்தால் முழு ஸ்லைடையும் பார்க்க வேண்டும். கேட்பதற்கு மிக நியாயமான ஏற்பாடு.

இங்கிலாந்தின் மான்செஸ்டரில் நடந்து 2011-இல் வெளியான மாவரிக் ஆய்வு, இந்த அமைப்பையும் இதன் போட்டியாளரான ஃபோக்கல்பாயிண்டையும் கையால் பார்க்கும் முறையோடு நேருக்கு நேர் நிறுத்தியது. வேகத்தில் இயந்திரம் பெரிதும் வென்றது. ஆனால் சிகிச்சை தேவைப்படும் அளவிலான முன்புற்று மாற்றங்களைக் கண்டுபிடிப்பதில் இயந்திர உதவியோடு பார்த்த முறை, கையால் பார்த்ததை விட 8 விழுக்காடு பின்தங்கியது. முதன்மைப் பரிசோதனைக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். இதில் என்னை யோசிக்க வைப்பது மற்றொன்று: ‘இந்த ஸ்லைடை மனிதர் பார்க்கவே தேவையில்லை’ என்று ஃபோக்கல்பாயிண்ட் ஒதுக்கிய பிரிவு மிகவும் நம்பகமாக இருந்தது. இயந்திரமே முழுப் பொறுப்போடு சொன்ன இடத்தில் பிழை குறைவு. இயந்திரம் காட்ட, மனிதர் பார்த்த கூட்டு வேலையில் பிழை கூடியது. காட்டப்பட்ட புலங்களைத் தாண்டிப் பார்க்கும் முனைப்பு தளர்ந்துவிடுவதுதான் காரணம் என்பது என் ஊகம். பின்னர் 2019-இல் இங்கிலாந்து, இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்பிவி வைரஸுக்கான சோதனையையே முதல் படியாக்கிவிட்டதால் போட்டியின் களமே மாறிப்போனது.

குறைந்த விலைப் பாதை

கேம்பிரிட்ஜ், பாத் பல்கலைக்கழகங்களில் உருவான ஓப்பன்ஃபிளெக்சர் நுண்ணோக்கியின் வரைபடங்கள் எவரும் எடுத்துப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டவை. உடலை முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிட்டு, ராஸ்பெரி பை என்ற சிறு கணினியும், அடி அடியாக நகரும் மலிவான ஸ்டெப்பர் மோட்டார்களும் பொருத்திக்கொள்ளலாம். சறுக்கும் பாகங்களுக்குப் பதிலாக வளைந்துகொடுக்கும் பிளாஸ்டிக் கால்களையே மேடையின் நகர்வுக்குப் பயன்படுத்துவதால், ஒரு மைக்ரோமீட்டரின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அடிகளில் அது நகர்கிறது. தான்சானியாவின் இஃபகாரா நலவாழ்வு நிறுவனத்தோடு இணைந்து மலேரியாப் பூச்சுகளைப் பார்க்க இது முயன்றுபார்க்கப்பட்டது. தடித்த பூச்சில் கிருமி இல்லை என்று சொல்லுமுன் எண்ணெய் லென்சில் 100 புலங்களையாவது பார்க்க வேண்டும் என்பது விதி. களைப்பில்லாமல் நூறாவது புலத்தையும் முதல் புலத்தைப் போலவே படமெடுக்கும் மோட்டார் அங்கே மெய்யான உதவி. மேடையின் நகர்வு 12 மில்லிமீட்டர் அளவுதான், ஸ்லைடின் நீளமோ 75. முழு ஸ்லைடு வேண்டுவோருக்கு இது ஆகாது. பழுதானால் தானே பாகத்தை அச்சிட்டு மாற்றிக்கொள்ளும் கல்லூரிகளுக்கும், சேவைப் பொறியாளர் வந்துசேர வாரக்கணக்கில் ஆகும் ஊர்களுக்கும் இதை விடப் பொருத்தமானதை நான் காணவில்லை.

தொழிற்சாலை

தொழிற்சாலையில் ஒப்பீடு சீக்கிரம் முடிந்துவிடுகிறது. எரிபொருள் பீய்ச்சும் இன்ஜெக்டர், ஏபிஎஸ் பிரேக் போன்ற பாகங்களில் இடைவெளிகள் சில மைக்ரோமீட்டர்களே என்பதால், ஒட்டியிருக்கும் உலோகத் துகள் ஒன்றே அடைத்துவிடும். ஐ.எஸ்.ஓ. 16232 தரநிலையின்படி பாகத்தைத் திரவத்தால் கழுவி, அந்தத் திரவத்தை வடிதாளில் வடித்து, வடிதாள் முழுவதையும் மோட்டார் மேடையுள்ள நுண்ணோக்கியால் ஸ்கேன் செய்து, துகள்களை அளவுவாரியாக எண்ணுகிறார்கள். ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் முனைவாக்க வடிப்பானின் துணையோடு எடுத்த படங்களை ஒப்பிட்டு, பளபளக்கும் உலோகத் துகளையும் மற்றதையும் பிரிக்கிறது மென்பொருள். நீளம் அகலத்தை விடப் பல மடங்கு என்றால் நார் என்று தனியே ஒதுக்குகிறது. ஆயிரக்கணக்கான துகள்களைக் கையால் அளப்பதைப் பற்றிப் பேசுவதிலேயே பொருளில்லை.

எஃகில் உள்ள மாசுகளை, அதாவது உள்ளே தங்கிவிட்ட உலோகமல்லாத துகள்களை, மதிப்பிடும் ஏ.எஸ்.டி.எம். தரநிலை அமைப்பின் இ45 முறையிலும் இதே நிலைதான். 160 சதுர மில்லிமீட்டர் பரப்பை அரைச் சதுர மில்லிமீட்டர் புலங்களாகப் பார்த்தால் 320 புலங்கள். ஒவ்வொன்றையும் சுவரில் தொங்கும் மாதிரிப் படத்தோடு ஒப்பிட்டுத் தரம் போடும்போது, காலையில் போட்ட தரமும் மாலையில் போட்ட தரமும் ஒன்றாக இருக்குமா என்பது ஐயமே. இயந்திரத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் மெருகேற்றும்போது விழுந்த கீறலையும், குழியில் தங்கிய தூசியையும் சாம்பல்நிற அளவை மட்டும் வைத்து மாசு என்று எண்ணிவிடும். கைதேர்ந்த உலோகவியலாளர் அதை ஒரு பார்வையில் விலக்கிவிடுவார். அதனால் அறிக்கையில் மிக மோசமானவை என்று வந்த பத்துப் பதினைந்து புலங்களுக்கு மட்டும் மேடையைத் திரும்ப ஓட்டி, கண்ணால் ஒரு முறை சரிபார்த்த பிறகே கையெழுத்திடுவது நல்ல பழக்கம். பாப் பரிசோதனையில் காலை வாரிய அதே கூட்டு ஏற்பாடு இங்கே பலிப்பதற்குக் காரணம் உண்டு: இங்கே மனிதரிடம் கேட்கப்படுவது இயந்திரம் காட்டியது பொய்யா என்பது மட்டுமே, விட்டுவிட்டதைத் தேடச் சொல்லி யாரும் கேட்பதில்லை.