காபியா, டீயா, மோரா? நாலு மணி நேரம் கழித்துப் பாருங்கள்

கடலூர் திருப்பாப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். மத்தியானம் யார் என்ன குடித்தார் என்று தெரிந்தால், சாயங்காலம் யாருக்குச் சிடுசிடுப்பு வரும் என்று ஓரளவு சொல்லிவிடுவேன். குடித்த உடனே எல்லாமே இதமாகத்தான் இருக்கும். நாலு மணி நேரம் கழித்து மனசு எப்படி இருக்கிறது என்பதுதான் கணக்கு.

காலை முதல் காபியை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். டிகாக்‌ஷன் வாசனையிலேயே பாதித் தூக்கம் போய்விடும். மீதியைக் காஃபின் பார்த்துக்கொள்ளும். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து அசதியைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அது உட்கார வேண்டிய இடத்தில் காஃபின் முந்திப்போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆக, அசதி போகவில்லை, தெரியாமல் இருக்கிறது. குடித்ததில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். சாயங்காலம் 6 மணிக் காபி ராத்திரி 11 மணிக்கும் பாதி உள்ளே இருக்கும். அப்புறம் தூக்கம் எங்கே வரும்? திடீரென்று நிறுத்தினாலும் தொல்லைதான். என் அம்மா விரத நாளில் காபியை விட்டால் மத்தியானத்துக்குள் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவார்.

டீயில் காஃபின் ஏறக்குறைய பாதிதான். கூடவே தியானின் என்ற பொருள் இருப்பதால் படபடப்பு குறைவு என்கிறார்கள். என் அனுபவமும் அதுதான். பதினோரு மணிக்குக் கணக்குப் புத்தகத்தோடு உட்கார டீதான் சரி. ஆனால் சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம். சோற்றிலும் கீரையிலும் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சேராமல் அது தடுக்கும். ரத்தசோகை உள்ள பெண்களுக்கு அந்தச் சோர்வு நாள் முழுக்க நிற்கும்.

முள்ளோடை தாண்டிப் புதுச்சேரிப் பக்கம் போய்ச் சாராயம் குடிக்கிறவர்களுக்கும் முதல் அரை மணி நேரம் சுகம்தான். என் சித்தப்பா தூக்கம் வரவேண்டும் என்றுதான் ஆரம்பித்தார். படுத்ததும் தூங்கிவிடுவார், மூணு மணிக்கு வியர்த்து எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார். சாராயம் பின்ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துவிடும், காலையில் பயமும் மனபாரமும் கூடும். இதை மற்றதோடு ஒப்பிடவே எனக்கு மனசில்லை.

மோருக்கு வருகிறேன். சித்திரை வெயிலில் எங்கள் கடைப் பெண்கள் நாலு மணிக்கு மேல் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுவார்கள். முதலாளி அதைத் திமிர் என்றார். எனக்குப் பிறகுதான் புரிந்தது: கழிப்பறை பக்கத்துக் கட்டிடத்தில் இருக்கிறது, சாவி மேனேஜரிடம். அதைக் கேட்கக் கூச்சப்பட்டு அவர்கள் தண்ணீரே குடிப்பதில்லை. உடம்பில் நீர் கொஞ்சம் குறைந்தாலே தலைவலியும் எரிச்சலும் வரும், கவனம் சிதறும். அவர்களுக்கு நான் டீ வாங்கிக் கொடுத்துத் தெம்பூட்டப் பார்த்தது தப்பு. தாகத்தைத் தாகம் என்றே பார்த்திருக்க வேண்டும்.

இப்போது சாவி கல்லாப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. மூணு மணிக்கு உப்பும் பெருங்காயமும் போட்டு, கறிவேப்பிலையைக் கசக்கிப் போட்ட நீர்மோர் ஒரு தூக்கு நிறைய வருகிறது. முதல் டம்ளரை, காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிற புடவைப் பிரிவு அக்காவுக்குக் கொடுப்போம்.