அம்பிளிபயர் சோதனை: சைன் அலையா, சதுர அலையா?

கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பாகங்கள் வாங்கி அம்பிளிபயர் கட்டுவோர் தடுமாறும் இடம் இது: உள்ளீட்டில் வளைந்து ஏறி இறங்கும் சைன் அலையைக் கொடுப்பதா, சட்டென மேலும் கீழும் தாவும் சதுர அலையைக் கொடுத்து வெளியீட்டை ஒசிலோஸ்கோப்பில் (அலை வடிவத்தைத் திரையில் காட்டும் கருவி) பார்ப்பதா? எந்த அலையானாலும் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு 8 ஓம் டம்மி லோட் (ஸ்பீக்கருக்குப் பதிலான மின்தடை) போடுங்கள்.

செலவு: சைனுக்குக் கைத்தொலைபேசிச் செயலி போதும். சதுரத்துக்கு 555 ஐசி (டைமர் சிப்) சுற்றாவது வேண்டும். தொலைபேசி 20 கிலோஹேர்ட்ஸ் அளவில் வெட்டிவிடுவதால் அதன் சதுர அலை விளிம்பிலேயே நெளியும். பழி அம்பிளிபயர்மேல் விழும்.

நேரம்: சைனில் 20 ஹேர்ட்ஸ் முதல் புள்ளி புள்ளியாக அளக்க வேண்டும். 1 கிலோஹேர்ட்ஸில் கிடைத்த வோல்ற்றளவு 0.707 மடங்காகக் குறையும் இடமே −3 டெசிபெல் எல்லை (பயன்படும் அதிர்வெண் முடியும் இடம்). சதுரம் ஒரே பார்வை.

காட்டுவது: சதுரம்தான் கெட்டி. 10 கிலோஹேர்ட்ஸ் அலை 10%இலிருந்து 90%க்கு ஏற 3.5 மைக்ரோசெக்கன் எடுத்தால், 0.35ஐ அதனால் வகுங்கள்: 100 கிலோஹேர்ட்ஸ் பட்டை அகலம் (அந்த −3 டெசிபெல் எல்லை வரையான அதிர்வெண்). விளிம்பு பலமுறை ஆடினால் நிலைத்தன்மை குறைவு. 50 ஹேர்ட்ஸில் மேல்தளம் மிகச் சரிந்தால் உள்ளீட்டுக் கப்பாசிட்டர் சிறிது.

கிளாஸ் டி (வேகமாக ஓன்-ஓஃப் ஆகி இயங்கும் வகை) போர்டுக்குச் சைனே நல்லது; வெளியீட்டு வடிகட்டியே சதுர அலையை ஆட்டும். பிரிட்ஜ் வெளியீடென்றால் (ஸ்பீக்கரின் இரு முனைகளையும் அம்பிளிபயரே இயக்கும், எதுவும் எர்த் அல்ல) ஸ்கோப்பின் எர்த் கிளிப்பை அதில் மாட்டவே வேண்டாம், ஐசி போய்விடும்.

ஏபி வகையில் (வழமையான அனலொக் அம்பிளிபயர்) பழுது தேட சதுரம், அதிர்வெண் வரைபடம் போட சைன்.