குடியை நிறுத்த ஏ.ஏ. மீட்டிங்: நீண்ட நாள் போய்வந்தவர்கள் பார்வையில்

குடியை விட நினைப்பவர்கள் பெயரை வெளியிடாமல் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. அதன் மீட்டிங்கில் முதல் நாளே மனம் ஒட்டுவது அபூர்வம். ஒரே ஊரில் இரண்டு குரூப் இருந்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்காது. ஒன்றில் வயதானவர்கள் முப்பது வருடக் கதையைச் சொல்வார்கள், இன்னொன்றில் ஐடி வேலைக்குப் போகும் பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். குறைந்தது மூன்று குரூப்புக்கு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தடவை போய்ப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. தினமும் குடிப்பவர், காலையில் கை நடுக்கத்தோடு எழுபவர், மீட்டிங்கை மட்டும் நம்பி ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாள் கழித்து இல்லாத உருவங்கள் தெரிந்து, உளறி, உடம்பெல்லாம் வியர்க்க ஆரம்பித்தால் அது உயிருக்கே ஆபத்தான கட்டம். முதலில் டாக்டரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. போதை மீட்பு உதவிக்கான தேசிய எண் 14446. உடம்பைத் தேற்றுவது மருத்துவம், அதற்குப் பிறகு குடிக்காமல் இருக்கப் பழகும் இடம் மீட்டிங்.

இணையத்தில் இருக்கும் பட்டியலை அப்படியே நம்பிக் கிளம்ப வேண்டாம். இடமும் நேரமும் மாறியிருக்கும், பட்டியல் மாறியிருக்காது. முந்தின நாளே போன் செய்து கேளுங்கள். எந்தக் கட்டடம், எந்த வாசல், எத்தனையாவது மாடி என்பதையும் கேட்டுவிடுங்கள். பள்ளிக்கூடத்தின் பின்பக்க அறையிலோ சர்ச் வளாகத்திலோ நடக்கும் கூட்டத்துக்குப் பெரிய போர்டு இருக்காது. தேடி அலைந்து, வெட்கப்பட்டு, வாசலோடு திரும்பிப் போவது நிறைய நடக்கிறது. சர்ச்சில் நடந்தாலும் மதத்துக்கும் கூட்டத்துக்கும் சம்பந்தமில்லை, வாடகைக்கு எடுத்த இடம், அவ்வளவுதான். 'ஓப்பன்' மீட்டிங் என்றால் மனைவியோ அண்ணனோ கூட வரலாம். 'குளோஸ்டு' என்றால் குடிப்பழக்கத்தை விட நினைப்பவர்கள் மட்டும். வீட்டாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. குடிப்பவர் வர மறுத்தாலும் அவர்கள் போகலாம், போகவும் வேண்டும்.

உள்ளே ஒன்று, ஒன்றரை மணி நேரம். குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்த 12 படிகளைப் படிப்பார்கள், பிறகு ஒவ்வொருவராகத் தன் அனுபவத்தைச் சொல்லும் ஷேரிங். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கிடுவதில்லை, புத்தி சொல்வதில்லை. உங்கள் முறை வந்தால் "இன்னிக்குக் கேட்க மட்டும் வந்திருக்கேன்" என்றால் போதும். உறுப்பினராகக் கட்டணம் கிடையாது. கடைசியில் விரும்பியவர்கள் பணம் போடும் பை சுற்றி வரும், முதல் நாள் நீங்கள் போட வேண்டியதில்லை. படிகளில் கடவுள் என்ற சொல் வரும். அதை ஒவ்வொருவரும் தான் புரிந்துகொண்டபடி எடுத்துக்கொள்ளலாம் என்பது அங்கேயே எழுதியிருக்கிறது. நாத்திகர்கள் பலர் குரூப்பையே தங்களைவிடப் பெரிய சக்தியாக வைத்துக்கொள்கிறார்கள்.

கூட்டம் முடிந்த பிறகு வரும் அரை மணி நேரத்தைத்தான் நாங்கள் முக்கியமாக நினைக்கிறோம். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இந்த இயக்கம் தொடங்கியதே இரண்டு குடிநோயாளிகள் உட்கார்ந்து பேசியதில்தான். டீ கிளாஸோடு நிற்கும்போது இரண்டு பேரிடமாவது நம்பர் வாங்குங்கள், மறுநாளே கூப்பிடுங்கள். சும்மா இருக்கும்போது கூப்பிட்டுப் பழகாதவர், ஆசை எழும்பும் இரவில் கூப்பிட மாட்டார். இன்னொன்று: எட்டரைக்குக் கூட்டம் முடியும்போது டாஸ்மாக் திறந்தே இருக்கும், பத்து மணி வரை. வீடு திரும்பும் வழியை முன்கூட்டியே மாற்றி வையுங்கள், வயிற்றில் எதையாவது போட்டுக்கொண்டு கிளம்புங்கள். பசியும் களைப்பும் சேர்ந்தால் கால் தானாகப் பழைய பக்கம் திரும்பும்.

முதல் மூன்று மாதம் முடிந்தவரை தினமும் போகச் சொல்வார்கள், 90 நாளில் 90 மீட்டிங். சின்ன ஊரில் அது நடக்காது. வாரம் இரண்டு நேரில், மீதி ஜூமில் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு குரூப்பை உங்கள் குரூப் என்று முடிவு செய்து, நாற்காலி போடுவது, டீ ஊற்றுவது என்று ஏதாவது ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை இருந்தால், போக மனமில்லாத நாளிலும் போவீர்கள்.

குறைகளும் உண்டு. "மாத்திரையை நிறுத்து, படிகள் போதும்" என்று ஒருவர் சொன்னால் கேட்காதீர்கள். உறுப்பினர் யாரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்று ஏ.ஏ.-வின் வெளியீடே சொல்கிறது. பணம் கடன் கொடுக்கல் வாங்கல் வேண்டாம், அதில் விரிசல் விட்டால் மீட்டிங்கும் போய்விடும். புதிதாக வரும் பெண்களிடம் அத்துமீறும் ஆண்கள் அங்கேயும் இருக்கிறார்கள். பெண்களுக்கு ஸ்பான்சர், அதாவது படிகளில் வழிகாட்டும் பழைய உறுப்பினர், பெண்ணாகவே இருக்கட்டும், உள்ளூரில் கிடைக்காவிட்டால் ஆன்லைனில் பெண்கள் கூட்டம் தேடுங்கள்.

மறுபடி குடித்துவிட்டால் முகம் காட்ட வெட்கப்பட்டு நின்றுவிடுவதுதான் மிகப் பெரிய இழப்பு. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு ஒன்று 2020-இல் வந்தது, அது 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஏ.ஏ.-வுக்கு முறையாக வழிகாட்டும் சிகிச்சையில் ஒரு வருட முடிவில் 42 சதவீதம் பேர் முழுதாக நிறுத்தியிருந்தார்கள், மற்ற சிகிச்சைகளில் 35 சதவீதம். நல்ல வித்தியாசம்தான். ஆனால் அந்த நல்ல கணக்கிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்த வருடத்தில் முழுதாக நிறுத்தியிருக்கவில்லை. ஆகவே குடித்த மறுநாள் மாலையே போங்கள். யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள்.

ஜூமில் நுழையும் முன் உங்கள் முழுப் பெயர் திரையில் தெரிகிறதா என்று பார்த்து மாற்றுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்தால் உங்கள் நம்பரும் புகைப்படமும் எல்லோருக்கும் தெரியும். குடும்பப் படம் வைத்திருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள்.